பாதி கல், பாதி ரப்பர்

அந்த மூட்டை மேல் உட்காராதீர்கள் டீச்சர். சேலையில் கறுப்பு ஒட்டும், போகாது. நாற்காலி அங்கே கிடக்கிறது பாருங்கள்.

முப்பத்திரண்டு மூட்டை. சும்மாதான் கொடுக்கிறேன். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? என்ன எழுதியிருந்தேன்? வாசலில் பரப்புகிற ரப்பர் துண்டு, இலவசம், உடனே எடுத்துப் போகவும். அதற்கு மேல் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்ல நான் தயாராக இல்லை.

என்ன?

இதுதான் நாமக்கல்லில் தொல்லை. விலை சொன்னால் ஏன் இவ்வளவு என்பது. சும்மா எடுத்துக்கொள் என்றால் ஏன் சும்மா என்பது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரி வருகிறாள். அவள் வரும்போது இந்த வாசலில் மண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் காரை விட்டு இறங்க மாட்டாள், அப்படியே திரும்பிப் போய்விடுவாள். இன்றைக்கு வியாழன். புரிந்ததா? வண்டியைக் கூப்பிடுங்கள்.

கோபித்துக்கொண்டு போனாளா என்றா கேட்கிறீர்கள்? யார் சொன்னது? மகளைப் பார்க்கப் போயிருக்கிறாள். நாலு மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, வண்டி வர அரைமணி ஆகும் என்கிறீர்கள். அதுவரைக்கும் இப்படி முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிப் பேச எனக்கு வராது.

நான் சென்னியப்பன். சேலம் ரோட்டில் முப்பத்தாறு வருஷம் டயர் ரீட்ரேடிங் கடை. தேய்ந்த லாரி டயரின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் புதுத் தோல் ஒட்டுவது. இந்த ஊரில் ஓடுகிற லாரியில் பாதி என் ரப்பர் மேல்தான் ஓடியது. கடையை விற்றுவிட்டு இந்த வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் வாசல் கண்ணில் பட்டது. முப்பதுக்கு இருபத்தைந்து அடி, வெறும் செம்மண். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. நடுவில் கோரை, நெருஞ்சி, பார்த்தீனியம். பிடுங்கிப் போட்டால் பத்து நாளில் மறுபடியும்.

என் வீட்டுக்காரி பாவாயிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். ரோட்டில் நடந்தால் நாய். அதனால் எட்டு நடக்க ஆரம்பித்தாள். பார்க்கிலெல்லாம் பார்த்திருப்பீர்கள், தரையில் பெரிதாக எட்டுப் போட்டு அதன் மேலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். அதேதான். சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருந்தாள். காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி, வெறுங்காலோடு. பக்கத்து வீட்டுப் பூங்கொடியும் வந்து பின்னாலேயே நடக்கும். நடந்துகொண்டே பேச்சு. வீட்டுக்குள் என்னிடம் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவள் அந்த எட்டுக்குள் இறங்கினால் வாய் மூட மாட்டாள். என்ன பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உங்களப் பத்தி இல்லீங்க, வேற நல்லதாப் பேசறோம்" என்றாள். விட்டுவிட்டேன்.

தை மாசம் சம்பந்தி வந்தார். நாச்சிமுத்து. மகள் மேகலாவின் மாமனார், ஓமலூர் பக்கம் கல் கிரஷர் வைத்திருக்கிறவர். நல்ல மனுஷன்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் மேல் கல்லைக் கொட்டலாமா என்றே யோசிப்பார். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங் சம்பந்தி, வாசல் நாத்து நட ஓட்டிப் போட்ட வயலாட்டம் கெடக்குது. ஒரு டிப்பர் வெள்ளைக் கல்லு அனுப்பறனுங்க. பரப்பி உட்டா அரமணையாட்டம் இருக்கும்."

"கல்லு வேண்டாமுங்க. ரப்பர் போடலாம்னு இருக்கறேன்."

உண்மையைச் சொல்கிறேன் டீச்சர், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ரப்பர் நினைப்பே இல்லை. வாயில் வந்தது. வந்த பிறகு அதுதான் சரி என்று தெரிந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான், சரியானது வாயில் முதலில் வந்துவிடும்.

"ரப்பருங்களா? டயரு பொணத்து மேல போட்டு எரிக்கறதுங்க. வாசல்ல போட்டா வர்றவன் எழவு ஊடுன்னு மாலையோட வருவான்."

"பொதச்ச பொறவு தலமாட்டுல நடறது என்னங்க? கல்லுதானுங்களே."

பாவாயி ரசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சுடுகாட்ட உட்டு எந்திரிச்சு வாங்க, ரசம் ஆறுது" என்றாள்.

அவளிடம் கேட்டோமே! கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். உனக்கு எது வேணும், கல்லா ரப்பரா என்று இரண்டு பேரும்தான் கேட்டோம். "எதும் வேண்டாம். மண்ணாவே கெடக்கட்டும்" என்றாள். அது ஒரு பதிலா? கேள்வி கல்லா ரப்பரா என்பது. பாவம், அவளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் கருத்து இல்லை. சம்பந்தியும் அதையே சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

நியாயமாகப் பாருங்கள். கல் போட்டால் என்ன ஆகும்? நடுவில் புல் முளைக்கும், கையை விட்டுப் பிடுங்க முடியாது. வேப்பஞ்சருகு விழுந்தால் கூட்ட முடியாது. அடியில் தேள் குடியிருக்கும். ரப்பர் அப்படியா? மெத்தென்று இருக்கும். முழங்கால் வலிக்காது. மக்காது, கறையான் தின்னாது, மழையில் கரையாது. அதில் சருகைக் கூட்டலாமா என்றா கேட்கிறீர்கள்? அதிலும் கூட்ட முடியாதுதான். அதை விடுங்கள்.

மாசியில் கண் பார்க்கச் சேலம் போயிருந்தேன். திரும்பி வந்தால் பாதி வாசல் வெள்ளையாக இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் டிப்பரை அனுப்பிவிட்டார். பாவாயி குறுக்கே நின்றிருக்கிறாள். முதலாளி உத்தரவு என்று டிரைவர் கொட்டிவிட்டான். முனையெல்லாம் மழுங்கடித்த கல் என்று போனில் வேறு பெருமை. மகளைக் கொடுத்த இடம். திருப்பி அள்ளிப் போ என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் மீதிப் பாதி வாசல் என்னுடையதுதானே?

எண்ணி ஒன்பது நாள். கரூர் ரோட்டில் ஒருத்தர் டயரை அரைக்கிற மெஷின் வைத்திருக்கிறார். பழைய டயராகப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போய், விளிம்பை அறுத்து எறிந்துவிட்டு, துண்டு துண்டாக அடித்து வாங்கி வந்து பரப்பினேன். நடுவில் ஒரு வரிசை செங்கல். இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாவாயியின் எட்டு அந்த இரண்டுக்கும் அடியில் போய்விட்டது. நான் ஒன்றும் இரக்கமில்லாதவன் இல்லை. கயிறு பிடித்து மேலேயே புதிதாகப் போட்டுக்கொடுத்தேன். ஒரு வட்டம் கல்லில், ஒரு வட்டம் ரப்பரில். செங்கல் வரிசையில் வந்து குறுக்கே வெட்டிக்கொள்ளும். சம்பந்திக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு மாசம் நடக்கட்டும், எது நல்லது என்று சம்பந்தியம்மாவே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். நானும் சரி என்றேன்.

அன்றிலிருந்து தினமும் நடை முடிந்ததும் போன்.

"எந்தப் பக்கம் வெரசா நடக்கறாங்க?"

"கல்லுல நாப்பது செகண்டு. ரப்பர்ல முப்பத்திரண்டு."

"சாயங்கால நேரத்துல பாத்தீங்களா? வெயிலு குடிச்ச ரப்பர்ல நிக்க முடியுமா? சுடுதுன்னு ஓடறாங்க. அது நடையில சேராதுங்க."

கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் எழுதி வைத்தேன். பாவாயி ஒருநாள் செங்கல் வரிசையில் நின்றுவிட்டாள். "இந்தப் பக்கம் குத்துது, அந்தப் பக்கம் சுடுது. கூட்ட வழியில்ல, தண்ணி தெளிக்க வழியில்ல. ரெண்டு கெழவனும் சேந்து என்னையச் செக்குல கட்டிட்டு நேரம் பாக்கறீங்களா?" என்றாள். அதெல்லாம் இருக்கட்டும், பத்துக்கு எத்தனை மார்க் என்றேன். "ரெண்டுக்கும் முட்டை" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

அப்புறமும் நடந்தாள். நிறுத்தவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

இருபதாம் நாள் பூங்கொடிதான் பார்த்தது. "அக்கா, நீ மிதிச்ச செங்கல்லு ஈரமா இருக்குது, காலத் தூக்கு." பாதத்தில் ஓட்டை. சர்க்கரைக்காரிக்குக் காலில் உணர்ச்சி குறைவு. குத்தி நாலைந்து நாள் ஆகியிருக்கும் போலிருக்கிறது, தெரியவே இல்லை. சீழ் வைத்துவிட்டது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு விரலை எடுத்தார்கள். சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல். அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது.

எதில் குத்தியது என்று டாக்டர் கேட்டார். நான், "கல்லு" என்றேன்.

ஒரே வார்த்தை. அதற்கு மேல் அங்கே யாரும் கேட்கவும் இல்லை. சம்பந்தி என் பக்கத்தில்தான் நின்றார். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் டீச்சர். நாச்சிமுத்து பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் இங்கே வந்துவிட்டார். கூட இரண்டு ஆள். ஆளை விட்டு அள்ளியிருக்கலாம். இல்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சட்டி எடுத்தார். அறுபத்தெட்டு வயசு. மூன்று மணி நேரம் அள்ளினார். நான் நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். "அதா, செம்பருத்தி ஓரத்துல ஒண்ணு கெடக்குதுங்க" என்று கையைக் காட்டினேன். குனிந்து எடுத்தார். "தொளசி மாடத்துக்குப் பொறத்தால ரெண்டு." அதையும் எடுத்தார். தண்ணி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பாவாயியை நேராக அவர் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். என் கல்லால் வந்தது, நான்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். நாலு மாசமாகத் தினமும் அவர்தான் கட்டுப் பிரிக்கக் கூட்டிப் போகிறார். காரில் அவருடைய சீட்டை முன்னால் தள்ளிவிட்டு அவள் கால் நீட்ட இடம் பண்ணியிருக்கிறார்.

ஆக, கல் தோற்றது. ரப்பர் ஜெயித்தது. அவ்வளவுதான் கதை. வண்டி எங்கே வருகிறது, கேளுங்கள்.

என்ன?

கல்தானே குத்தியது, அப்புறம் ரப்பரை ஏன் எடுக்கிறீர்கள் என்றா?

நீங்கள் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? பால்வாடியா? பால்வாடிப் பிள்ளைகளிடமும் இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேட்பீர்களா?

இருங்கள். பால்வாடியில் இதை எங்கே போடப் போகிறீர்கள்?

சறுக்குமரத்துக்கு அடியிலா?

செருப்புப் போட்டா விளையாடும்? போடாது. எந்தப் பிள்ளை செருப்புப் போட்டுச் சறுக்கும்?

நான் யாராவது தோட்டக்காரன் வருவான், தென்னைக்கு அடியில் கொட்டிக்கொள்வான் என்று நினைத்துத்தான் எழுதி ஒட்டினேன்.

கம்பி இருக்காதே என்று வந்ததும் கேட்டீர்கள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். வாங்கினேன்.

பாருங்கள், டயரில் இரண்டு ஜாதி. நைலான், ரேடியல். நைலானில் விளிம்பை அறுத்து எறிந்துவிட்டால் உள்ளே கம்பி கிடையாது. நூல்தான். ரேடியல் அப்படி இல்லை. உடம்பு முழுக்கக் கம்பி வலை, தலைமயிர் கனம். பித்தளை பூசியிருக்கும். முப்பத்தாறு வருஷம் அதைத்தான் பார்த்தேன், தூக்கத்தில் கையில் கொடுத்தாலும் சொல்வேன். வாசலுக்கு நைலான்தான் எடுத்தேன். அத்தனையும் நைலான். ஒன்பதாம் நாள் பார்த்தால் செங்கல் ஓரமாக ஒரு பாய் அகலத்துக்குக் குறைகிறது. மறுநாள் காலையில் சம்பந்தி பார்க்க வருகிறார். பாதி வழுக்கையாக எப்படிக் காட்டுவது? நைலான் தீர்ந்துவிட்டது. நாலு ரேடியல் கிடந்தது. மெஷினில் காந்தம் இருக்கிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் என்றார் அரைக்கிறவர். பழைய காந்தம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாலே நாலு டயர்.

அதுவும் எட்டு குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தில். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மிதிப்பாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொல்லலாம். வந்தது. 'கல்லு' என்று வாய் சொல்லும்போதே வந்தது. சொன்னேன் அல்லவா, எனக்கு வாயில் முதலில் வந்துவிடும் என்று. சரியானதுதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ஓமலூருக்குப் போனேன். பாவாயி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி எனக்கு டீ வாங்கி வர வெளியே போனார். அவர் போனதும் தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு பஞ்சு எடுத்தாள். பிரித்தாள். நகம் நீளத்துக்குக் கம்பி. புண்ணைக் கழுவும்போது நர்ஸ் எடுத்துக் கொடுத்தாளாம். பாவாயிக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? முப்பத்தாறு வருஷம் என் சட்டையைத் துவைத்தவள். பைக்குள்ளிருந்து அந்தக் கம்பியைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் சோப்புப் போடுவாள்.

"ஏனுங், இதென்ன சம்பந்தி கிரஷர்ல வெளையறதுங்களா?" என்றாள்.

டீ வருகிறதா என்று வாசலைப் பார்த்தேன்.

"மூணு மாசமா அந்த மனுசன் என் மூஞ்சியப் பாத்துச் சோறு திங்கறதில்ல. என் விரலு போனதுக்கு நான் அழுகுல. அவரு தெனம் கட்டுப் பிரிக்கறப்ப அழுகறாரு. வாசல் மண்ணாகோணும். அவருகிட்ட நீங்களே சொல்லோணும். ரெண்டும் ஆகட்டும், நான் வர்றேன். ஒண்ணு மட்டும் ஆச்சுன்னா வர மாட்டேன்."

நீயே சொல்லிவிடேன் என்றேன். "நான் சொன்னா அது கோளு" என்றாள்.

சம்பந்தி டீயோடு வந்தார். சர்க்கரை குறைச்சலாகப் போடச் சொல்லி வாங்கினேன், உங்களுக்கு அப்படித்தானே பிடிக்கும் என்றார். குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வந்ததும் ரப்பரை வாரிக் கட்டினேன். தனியாகத்தான். இதோ பாருங்கள், ஒலிபெருக்கியில் இருந்து கழற்றின காந்தம். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகத் துழாவினேன். பதினோரு நாள். ஒரு டப்பா நிறையக் கம்பி வந்தது. தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் தெரியாது. அந்த நாலு டயர் எந்த மூட்டையில் என்றும் தெரியாது. எல்லாவற்றோடும் கலந்துவிட்டது.

வாசல் மண்ணாகிவிட்டது, பார்த்தீர்கள் அல்லவா? அது சுலபம். மண்வெட்டி இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தது நான்தான், அவள் இல்லை.

வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் டீச்சர். ஒரு மூட்டையும் தர மாட்டேன். பிள்ளைகள் குதிக்கிற இடத்தில் போய்ப் போடுவார்களா? ஆற்றுமணல் இரண்டு வண்டி கேட்டு வாங்கிக் கொட்டுங்கள். மாட்டுக் கொட்டகைக்கா? மாட்டுக்கும் கால்தான் இருக்கிறது. இதை என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுந்திருக்காதீர்கள். ஒரு நிமிஷம்.

இத்தனை நாளில் இதை முழுசாக ஒருத்தரிடம் சொன்னது உங்களிடம்தான். நேரில் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சேலம் பஸ்ஸில் இடம் இல்லை. இருந்தது, ஜன்னல் ஓரம் இல்லை. சரி, இருந்தது. ஏறவில்லை.

இந்தப் போனைப் பிடியுங்கள். என் விரல் தேய்ந்த விரல், நான் தொட்டால் இது மதிக்காது. 'சம்பந்தி கல்' என்று இருக்கும், அழுத்துங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம். போட்டாலும் பரவாயில்லை.

மணி அடிக்கிறதா?

கொடுங்கள்.

"சம்பந்திங்களா? நான்தானுங்க... ம், சாப்புட்டாச்சு... இல்லீங்க, இல்லீங்க, பாவாயிகிட்டக் குடுக்க வேண்டாமுங்க. உங்ககிட்டத்தான் பேசோணும். கொஞ்சம் உக்காருங்க."